பின்சீட்டில் ஹஸ்னைன்

அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் ஆங்கரேஜ் விமான நிலையத்தில், வாடகைக் கார் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்ற பெண் ஹஸ்னைனின் லைசென்ஸை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை மேஜைமேல் வைத்து, தேதி அச்சாகியிருந்த இடத்தை நகத்தால் தொட்டுக் காட்டினாள். காலாவதியாகி மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஹஸ்னைன் முதலில் சிரித்தார். அப்புறம் வாதாடிப் பார்த்தார். ஹூஸ்டனில் விமானம் ஏறும்போது பாஸ்போர்ட்டைத்தான் நீட்டினார், அதனால் லைசென்ஸை எடுத்துப் பார்க்கவேண்டிய வேலையே வரவில்லை. புதுப்பிக்கச் சொல்லி வீட்டுக்கு வந்த கடிதத்தை, பீட்சா விளம்பரங்களோடு சேர்த்து அவரே குப்பையில் போட்டிருந்தார். அந்தப் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கார் தர முடியாது என்றாள். பிறகு அவருக்குப் பின்னால் பெட்டிகளோடு நின்ற சுலைகாவைப் பார்த்து, "உங்களிடம் லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

சுலைகா வாயைத் திறப்பதற்குள் ஹஸ்னைன் முந்திக்கொண்டார். "நோ, நோ. ஷீ டஸ்ன்ட் டிரைவ்."

அவள் வண்டி ஓட்டுபவள்தான். ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் தினமும் காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜைக்குப் போய், சாயங்காலம் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புவாள். ஆனால் எல்லாம் ஃப்ரீவேயை ஒட்டி ஓடும் ஃபீடர் ரோட்டிலும் தெருக்களிலும்தான். ஃப்ரீவேயில் ஏறிப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

அப்போது மகள் ரிதாவுக்கு நாலு வயது, பின்னால் குழந்தை சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். பெரிய பெரிய லாரிகள் பறந்துகொண்டிருந்த ஃப்ரீவேயில் சேரப் போன சுலைகாவுக்கு, எந்த இடைவெளியில் நுழைவது என்று தெரியவில்லை. நுழைகிற பாதை முடியும் இடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது. கடைசியில் ஒரு போலீஸ்காரர் வந்து, அவளைப் பக்கத்து சீட்டுக்கு மாறச் சொல்லி, தானே காரை ஓட்டிக் கீழே இறக்கிவிட்டார்.

மறக்கக்கூடிய விஷயம்தான். ஹஸ்னைன் மறக்கவிடவில்லை. இஃப்தார் விருந்து, பிறந்தநாள், யார் வீட்டு பார்பிக்யூ என்றாலும் அவருக்கு இந்தக் கதை கைவசம் இருந்தது. "நம்ம சுலைகா கேட்டி ஃப்ரீவேயையே பார்க்கிங் லாட் ஆக்கினவ!" என்று ஆரம்பிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரிக்காமல் இருந்தால் இன்னும் மோசம்.

"கேன்சல் பண்ணிடலாம்" என்று இப்போது தமிழில் சொன்னார் ஹஸ்னைன். "ஹோட்டலுக்கு டாக்ஸில போயிட்டு, டூர் பஸ் ஏதாவது இருக்கான்னு பாக்கலாம். என்ன ரிதா?"

அவர் மகளைக் கேட்டார். மனைவியைக் கேட்கவில்லை. சுலைகாவுக்குள் என்னவோ சுருக்கென்றது. கைப்பையைத் திறந்தாள். லைசென்ஸையும் தன் பேரில் இருந்த கிரெடிட் கார்டையும் எடுத்து, பக்கம் பக்கமாகக் கவுன்ட்டரில் வைத்தாள்.

"சுலைகா, இது கேட்டி இல்ல."

"தெரியுது. பெட்டிய எடுங்க."

அன்று முழுக்க ஊருக்குள்ளேயே ஓட்டினாள். வெள்ளை எஸ்.யு.வி., அவளுடைய சின்னக் காரைவிட ஒரு முழம் உயரம். தெருக்கள் அகலமாக, நேராக இருந்தன. எந்தத் தெருவின் கோடியிலும் பனி மூடிய மலை ஒன்று நின்றது. சிறு விமானங்கள் தண்ணீரில் இறங்கி ஏறும் ஏரிப் பக்கம் போனபோது, 'விமானங்களுக்கு வழிவிடவும்' என்று ஒரு பலகை இருந்தது. வேடிக்கைக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். அடுத்த வளைவில், நிஜமாகவே மஞ்சள் நிற விமானம் ஒன்று உருண்டபடி சாலையைக் கடக்க வந்தது. சுலைகா நிறுத்தினாள். விமானி ஜன்னல் வழியே கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

"உம்மா! யு ஜஸ்ட் ஸ்டாப்ட் ஃபார் எ ப்ளேன்!" ரிதா பின்சீட்டில் குதித்தாள்.

மறுநாள்தான் சோதனை. விட்டியர் என்ற சின்னத் துறைமுக ஊரிலிருந்து பனியாறுகளைப் பார்க்கப் போகும் படகில், பன்னிரண்டரைக்கு அவர்களுக்கு இடம் பதிவாகியிருந்தது. அறுபது மைல். அந்த ஊருக்குத் தரை வழியாகப் போக ஒரே வழி, மலையைக் குடைந்த இரண்டரை மைல் சுரங்கப்பாதை. ஒரே ஒரு பாதைதான். அதில் ரயிலும் ஓடும், காரும் ஓடும், தண்டவாளத்தின்மேலேயே. அரை மணி நேரம் இந்தப் பக்கத்துக்கு என்றால், அடுத்த அரை மணி அந்தப் பக்கத்துக்கு. பதினொன்றரைக்குத் திறப்பதைத் தவறவிட்டால் படகு போய்விடும்.

இதையெல்லாம் ஹஸ்னைன் ஹூஸ்டனிலேயே படித்து வைத்திருந்தார். காலை உணவின்போது இரண்டு தடவை விளக்கினார்.

"பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி, ஒன்பதரைக்குச் சுலைகா வண்டியை எடுத்தாள்.

ஊர் முடிந்ததும் சாலை கடலோரத்துக்கு வந்தது. இடப்பக்கம் செங்குத்தான பாறை, வலப்பக்கம் ரயில் பாதை, அதற்கப்பால் சாம்பல் நிறத் தண்ணீர். எதிரே வரும் வண்டிகளுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு மஞ்சள் கோடு மட்டும். ஐம்பத்தைந்து போகலாம் என்றது பலகை. அவள் நாற்பதில் போனாள். பக்கத்தில் ஹஸ்னைன், இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

"வளைவு வருது, வளைவு... லெஃப்ட்ல ஒட்டாத... அவன் வரான் பாரு, பிரேக், பிரேக்!"

பின்னால் ஐந்து வண்டிகளுக்குமேல் சேர்ந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று இன்னொரு பலகை வந்தது. ரிதா திரும்பி எண்ணினாள். "உம்மா, எய்ட் கார்ஸ்."

தண்ணீர்ப் பக்கம் ஓர் ஒதுங்குமிடம் வந்தது. சுலைகா சிக்னல் போட்டு ஒதுங்கினாள். எட்டு வண்டிகளும் விர்ரென்று கடந்தன. அவள் எஞ்சினை அணைத்தாள்.

"என்னங்க, நீங்க பின்னாடி போய் உக்காருங்க."

"என்னது?"

"நீங்க மிதிக்கிற பிரேக்குல வண்டி நிக்கல. என் நெஞ்சுதான் நிக்குது. ரிதா, நீ முன்னாடி வா."

ஹஸ்னைன் அவளையே பார்த்தார். பதினெட்டு வருஷ மண வாழ்க்கையில் அவர் தம் சொந்தக் குடும்பத்தின் காரில் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. பெல்ட்டைக் கழற்றினார். இறங்கி, பின்கதவைத் திறந்து, மகளின் சிப்ஸ் பாக்கெட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு காருக்குள் ஒரு அமைதி வந்தது. சுலைகாவுக்குத் தன் மூச்சுச் சத்தம் கேட்டது, சக்கரத்தின் சத்தம் கேட்டது. வளைவுகள் வருவதற்கு முன்னாலேயே தெரிய ஆரம்பித்தன. நாற்பத்தைந்து, ஐம்பது. ஒரு நீண்ட நேர்ப் பாதையில் முள் ஐம்பத்தைந்தைத் தொட்டபோது ரிதா கட்டை விரலை உயர்த்தினாள்.

பதினொன்று இருபதுக்குச் சுரங்க வாசலுக்கு வந்துவிட்டார்கள். கட்டணம் கட்டி, வரிசையில் நின்றார்கள். மலை வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. அதன் அடியில், ஒரு லாரி நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. அந்தப் பொந்தைப் பார்த்ததும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவள் கைகள் வியர்த்தன. உள்ளே போனால் நடுவில் நிற்க முடியாது, ஒதுங்க முடியாது, திரும்ப முடியாது.

ஹஸ்னைன் கவனித்துவிட்டார். முன்னால் சாய்ந்து, மெதுவாகத்தான் சொன்னார். "சுலைகா, இங்க யாரும் லைசென்ஸ் கேக்கப் போறதில்ல. பத்து நிமிஷம் நான் எடுக்கிறேன். அந்தப் பக்கம் போனதும் மறுபடி நீயே ஓட்டு. தப்பா எடுத்துக்காத."

கிண்டல் இல்லை, அதட்டல் இல்லை. அன்பாகச் சொன்னார். அதனால்தான் மறுப்பது கஷ்டமாக இருந்தது. அவள் கதவைத் திறந்துவிட்டாள். ஒரு காலைக் கீழே வைத்தாள். பனியின் மேலிருந்து வந்த காற்று முகத்தில் அறைந்தது. முன்னால் நின்ற வண்டிகளின் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. விளக்கு பச்சைக்கு மாறப் போகிறது.

காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"வேணாங்க. கார் பேப்பர்ல கையெழுத்து போட்டது நான். நானே கொண்டு போறேன். பெல்ட்ட போடுங்க."

உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் போயிற்று. தலைக்குமேல் வரிசையாக மங்கலான விளக்குகள், இரண்டு பக்கமும் ஈரம் வழியும் கரும்பாறை, சக்கரங்களுக்கிடையே பளபளக்கும் தண்டவாளம். இருபத்தைந்து மைல் வேகம், முன்வண்டிக்கும் தனக்கும் நூறு அடி. அந்த நூறு அடியை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினாள். ரிதா தாழ்ந்த குரலில், "ஒன் மைல்" என்றாள்.

அப்போது முன்னால் போன கேம்பர் வேனின் பிரேக் விளக்குகள் சிவந்தன. வேன் நின்றுவிட்டது. சுலைகாவும் நிறுத்தினாள். அரை நிமிஷம் போயிற்று. ஒரு நிமிஷம் போயிற்று. மேலிருந்து சொட்டிய தண்ணீர் கண்ணாடியில் டப் டப் என்று விழுந்தது.

பின்சீட்டிலிருந்து ஹஸ்னைனின் குரல் உயர்ந்தது. "என்னாச்சு? ஏன் நிக்கிறான்? சுலைகா, ரிவர்ஸ் எடு."

"ரிவர்ஸா? பின்னாடி முப்பது வண்டி நிக்குது. எல்லாரையும் பின்னாலயே தள்ளிட்டு ஆங்கரேஜ் போகவா?"

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ரிதா குபீரென்று சிரித்தாள். ஒரு கணம் கழித்து ஹஸ்னைனும் சிரித்தார், பயத்தோடேதான். மலைக்கு நடுவில், இருட்டில், மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபோது சுலைகா தன் கைகளைப் பார்த்தாள். ஸ்டியரிங்மேல் லேசாகக் கிடந்தன. வியர்வை காய்ந்திருந்தது. மலை அப்படியேதான் இருந்தது, பயத்தைத்தான் காணவில்லை.

கேம்பர் வேன் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள்.

தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அது நாணயம் அளவானது, தட்டு அளவானது, வாசல் ஆனது. வெளியே வந்தார்கள். வெளிச்சத்தில் கண் கூசியது. மூன்று பக்கமும் மலைகள், மலைகளிலிருந்து நூல் நூலாக இறங்கும் அருவிகள், நடுவே கரும்பச்சைக் கடல், அதில் வெள்ளைப் படகுகள். மணி பதினொன்று ஐம்பது.

படகுத் துறையில் கோடுகளுக்கு நடுவே கச்சிதமாக வண்டியை நிறுத்தினாள். இறங்கி நாலு அடி நடந்தாள். பிறகு இரண்டு கைகளையும் வானத்தை நோக்கித் தூக்கி, தொண்டை கிழிய, "யா அல்லாஹ்!" என்று கத்தினாள். கம்பியில் உட்கார்ந்திருந்த கடற்பறவைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. ஹஸ்னைன் சுற்றுமுற்றும் பார்த்தார், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டுக் கைதட்டினார்.

படகில் தமிழ்ப் பேச்சைக் கேட்டு ஒரு தம்பதி வந்து சேர்ந்துகொண்டார்கள். சன்னிவேலிலிருந்து வந்திருந்த பத்ரியும் கலாவதியும். பனியாற்றிலிருந்து ஒரு துண்டு இடிபோல முழங்கிக் கடலில் விழுந்த பிறகு, பேச்சு சாலைகளின் பக்கம் திரும்பியது.

"அந்த டனல்ல கார் ஓட்ட எங்களுக்கு ரொம்ப பயமா இருந்ததுங்க, அதான் ட்ரெயின்ல வந்துட்டோம்" என்றாள் கலாவதி. "நீங்க டிரைவ் பண்ணியா வந்தீங்க? சாருக்கு நல்ல தைரியம்!"

ஹஸ்னைன் தொண்டையைச் செருமினார். சுலைகாவுக்கு அந்தச் செருமல் தெரியும். ஃப்ரீவே கதைக்கு முன்னால் வருகிற செருமல். அவள் முகத்தைச் சிரிப்புக்குத் தயார்ப்படுத்திக்கொண்டாள்.

"தைரியம் எனக்கில்லைங்க" என்றார் அவர். "என் லைசென்ஸ் எக்ஸ்பயர் ஆனதுகூடத் தெரியாம வந்தவன் நான். பின்சீட்ல உக்காந்து, டனல் நடுவுல ரிவர்ஸ் எடுன்னு கத்தினேன். டிரைவர் இவதான்."

பத்ரி வாய்விட்டுச் சிரித்தார். கலாவதி சுலைகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சுலைகா கணவரைப் பார்த்தாள். அவர் பனியாற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார், காது மடல் சிவந்திருந்தது. குளிராகவும் இருக்கலாம்.

மூன்றாம் நாள் வடக்கே ஓட்டினாள். நூற்று முப்பது மைலுக்கு மேல். வழியில் கடமான் ஒன்று குட்டியோடு சாலையில் நின்றது. அவள் அவசரப்படாமல் அபாய விளக்குகளைப் போட்டுவிட்டு, அவை புதருக்குள் போகும்வரை காத்திருந்தாள். மதியத்துக்குள், டெனாலி சிகரம் தெரியும் ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தினாள். பல நாள் காத்திருப்பவர்களுக்கும் மேகம் மூடி முகம் காட்டாத மலை என்று ஹோட்டலில் சொல்லியிருந்தார்கள். அன்று ஒரு பொட்டு மேகம் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை காடு, காட்டுக்கு நடுவே ஆறு, அத்தனைக்கும் மேலே, வானத்தில் பாதியை எடுத்துக்கொண்டு அந்த வெள்ளை மலை.

மூவரும் கார் முன்பக்கத்தில் சாய்ந்து நின்று, கட்டி வந்திருந்த எலுமிச்சம் சோற்றைச் சாப்பிட்டார்கள். ஹஸ்னைன் கையைத் துடைத்துக்கொண்டு, "இப்பத் திரும்பினா அஞ்சு மணிக்கு ஹோட்டல் போயிடலாம்" என்றார்.

சுலைகா சாலையைப் பார்த்தாள். மலைப்பக்கமாக வளைந்து, காட்டுக்குள் இறங்கி, மறுபடி மேலேறி, வடக்கே போய்க்கொண்டே இருந்தது.

"ரிதா, இது எங்க போய் முடியுது?"

ரிதா போனில் பார்த்தாள். "ஃபேர்பேங்க்ஸ். டூ ஹண்ட்ரட் அண்ட் சம்திங் மைல்ஸ்."

"அங்க ரூம் கிடைக்குதான்னு பாரு."

அவள் ஓட்டுநர் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். ஹஸ்னைன் ஒரு நிமிஷம் மலையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலேயே, போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டார்.