நூறு சதவீத அடுப்பு

குன்னூருக்குக் கீழே இருக்கும் அந்த எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் முப்பது வீட்டு லைன் ஒன்று உண்டு. பசுமைச் சான்றிதழுக்கான விண்ணப்பப் படிவம் வந்து சேர்ந்த அன்றைக்குத்தான், அந்த முப்பது வீடுகளும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியில் இயங்குகின்றன என்பது எஸ்டேட் ஆபீசுக்குத் தெரியவந்தது. அதுவரை அவர்கள் கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை எரித்துச் சோறாக்குகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

கண்டுபிடித்தவர் வெல்ஃபேர் ஆபீசர் பிராங்ளின். வெட்டிய செடி மறுபடி துளிர்க்கிறது, ஆகவே விறகு தீராது, ஆகவே நூறு சதவீதம். லைன் முகப்பில் அதை எழுதிப் பச்சைப் பலகையே வைத்துவிட்டார்.

இடையூறாக வந்தவள் சின்னம்மை. இருபத்தாறு வருஷமாகக் கொழுந்து பறிப்பவள். புகையில் உட்கார்ந்தால் மூச்சு இழுக்கிறது. எஸ்டேட் டாக்டரம்மா அடுப்பை மாற்றச் சொல்லிவிட்டார். காஸ் இணைப்பு வாங்க, அவள் லைன் வீட்டில்தான் குடியிருக்கிறாள் என்று எஸ்டேட் கடிதம் தர வேண்டும்.

"ஏனுங்க சார், ஒரு கையெழுத்துத்தானுங்க. மூணு மாசமா நடக்கறேன்."

"சின்னம்மைக்கா, நீங்க ஒருத்தர் காஸுக்குப் போனா நாம தொண்ணூத்தாறுக்கு இறங்கிருவோம். உலகமே உங்கள மாதிரி வாழத்தான் ஆசைப்படுது, தெரியுமா?"

"அப்ப உலகத்தக் கொஞ்சம் வந்து அடுப்பு ஊதச் சொல்லுங்க சார். எனக்கு முடியல."

உலகம் வரவில்லை. அதன் சார்பில் ஜூலை மழையில் கிருத்திக் என்ற இளைஞர் வந்தார், சான்றிதழ் தருவதற்கு முன் நேரில் பார்த்துப் போக. ரோட்டை ஒட்டிய முதல் வீடு சின்னம்மையுடையது என்பதால், மழைக்கு அங்கேயே ஒதுங்கினார்கள்.

"அக்கா, சாருக்கு ஒரு டீ. நம்ம தூள், நம்ம வெறகு," என்றார் பிராங்ளின். சொல்லிவிட்டு, குடையோடு வாசலிலேயே நின்றுகொண்டார்.

விறகு நனைந்திருந்தது. சின்னம்மை ஊதினாள், இருமினாள், மறுபடி ஊதினாள். அறை முழுக்கப் புகை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கிருத்திக்குக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அந்த மணம் இருக்கே சார், அதுதான் பாரம்பரியம்," என்றது வாசல்.

டீ கொதிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் கிருத்திக் படிவத்தின் கடைசிக் கேள்விக்கு வந்திருந்தார். "வெறக நீங்க விருப்பப்பட்டுத்தான் எரிக்கிறீங்களா? ஆம், இல்லை, ரெண்டுல ஒண்ணு."

"ஆம்!" என்றார் வாசலிலிருந்து பிராங்ளின்.

"அவங்க சொல்லணும் சார்."

சின்னம்மை டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, மூச்சு நிதானப்படும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காஸும் இருந்து, அத விட்டுப்போட்டு இதுல சமைச்சா அது விருப்பமுங்க. இருக்கறது இது ஒண்ணுதான். விருப்பமா இல்லையான்னு எனக்கே எப்பிடிங்க தெரியும்?"

கிருத்திக் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பேனாவை மூடினார். "காஸ் வந்தப்பறம் கேட்டு எழுதி அனுப்புங்க சார். இது காலியா இருந்தா சான்றிதழ் கிடைக்காது."

மூன்று மாதமாக வராத கையெழுத்து அன்று சாயங்காலமே வந்தது. சின்னம்மைக்கு மட்டுமல்ல, முப்பது வீட்டுக்கும். விருப்பம் என்று வந்துவிட்டால் அதுவும் நூறு சதவீதமாக இருக்க வேண்டாமா?

இப்போது சின்னம்மை காஸில் சமைக்கிறாள். குளிக்கிற வெந்நீரை மட்டும், மழை இல்லாத நாளில், வெட்டவெளியில் மூன்று கல் வைத்துக் கவாத்துக் குச்சியில் காய்ச்சுகிறாள். அங்கே புகை காற்றோடு போய்விடுகிறது. படிவத்தோடு வந்த பிராங்ளின் அந்த அடுப்பைப் பார்த்து முகம் மலர்ந்து, "இது விருப்பம்தானேக்கா?" என்று கேட்டார்.

"இது விருப்பமுங்க," என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். பச்சைப் பலகை இன்னும் அங்கேதான் நிற்கிறது.