வேலிக்கு வெளியே என் மகள்

என் மகளை வேலிக்கு வெளியே புதைத்தார்கள். ஞானஸ்நானம் வாங்காமல் செத்த பிள்ளை மோட்சம் போகாது, தீர்த்தம் தெளித்து மந்திரித்த கல்லறை மண்ணில் அதற்கு இடமில்லை என்று அப்போதிருந்த சாமியார் சொல்லிவிட்டார். பிறந்த அன்றைக்கே போய்விட்ட பிள்ளை அது. மழையில் மண் சரிந்து பசறைப் பாதை அடைபட்டுக் கிடந்தது. ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்ற எந்தச் சாமியார் வருவார்? மழை பெய்தது என் பிள்ளை செய்த பாவமா?

நமுனுகுல மலையின் இந்தப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். கல்லறையைச் சுற்றி முள்முருங்கைக் கட்டை ஊன்றி முள்கம்பி இழுத்திருந்தார்கள். வேலிக்கும் தேயிலைக்கும் நடுவில் ஒரு துண்டுப் புல்தரை, அதில்தான் அவள். குடித்தே செத்தவனும் பெண்டாட்டியை உதைத்தவனும் உள்ளே நிம்மதியாகப் படுத்திருந்தார்கள். கல்லறைத் திருநாளன்று எல்லாரும் உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், நான் வெளியே குந்தி ஒன்று ஏற்றுவேன். எங்கள் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் ராயப்பன் பார்த்தும் பாராததுபோல் போவார். கேட்டால், "ஆண்டவரோட சட்டம் தாயி, நானா போட்டேன்?" என்பார். ஆண்டவரே வேண்டாம் என்ற பிள்ளைக்காக யாரிடம் போய்ச் சண்டை போடுவது? வருஷக்கணக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் கோயிலே தலைகீழாக மாறிவிட்டது. முதுகைக் காட்டிப் பூசை வைத்த சாமியார் எங்கள் முகம் பார்த்து நின்றார். லத்தீன் போய்த் தமிழ் வந்தது. வெள்ளிக்கிழமை இறைச்சி தின்றால் சாவான பாவம் என்றார்கள், பிறகு பரவாயில்லை என்றார்கள். எங்களுக்கு எந்தக் கிழமையிலும் இறைச்சி கிடையாது என்பது வேறு கதை.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்த அடுத்த வருஷம், கல்லறைக்குக் கீழே புதுத் தேயிலை போட முடிவானது. சனிக்கிழமை காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை ரெங்கசாமி சொன்னார்: "திங்கக்கெழம குழி வெட்டுறோம். கல்லற வேலி வரைக்கும் வெட்டிக்கிட்டே போகணும். வேலிக்கு உள்ள தொடக்கூடாதுன்னு தொரை சொல்லிட்டாரு."

வேலி வரைக்கும் வெட்டினால் மம்பட்டி என் பிள்ளை மேல்தான் இறங்கும். அன்றைக்கு முழுக்க என்ன பறித்தேன் என்றே தெரியாது.

மறுநாள், மாதம் ஒருமுறை பதுளையிலிருந்து வரும் புதுச் சாமி வந்திருந்தார். இளவயசு, நல்ல மனுஷர். பூசை முடிந்ததும் நேரே போய் நின்றேன். என் புருஷன் சந்தியாகு பின்னால் நின்றார்.

"சாமி, கல்லற வேலியத் தள்ளிப் போடணும். எம் மக வெளிய கெடக்கா."

முழுக்கதையும் கேட்டார். கண் கலங்கியது அவருக்கு.

"இப்பல்லாம் அப்படி இல்லம்மா. அந்த மாதிரிப் பிள்ளைங்கள ஆண்டவரோட இரக்கத்துல ஒப்படைக்கிறோம். உள்ளயே அடக்கம் பண்ணலாம்."

"அப்ப ஆண்டவரு மனச மாத்திக்கிட்டாரா?"

திடுக்கிட்டுப் பார்த்தார். "இல்லம்மா. ஆண்டவர் மாறாதவர். அவரோட அன்பும் மாறாது, நோக்கமும் மாறாது. நாமதான் அவர கொஞ்சங்கொஞ்சமா வெளங்கிக்கிறோம்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம், அப்படி ஒரு கோபம்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சாமி. மாறிட்டாருன்னா நான் பேசாமப் போயிருவேன். அன்னைக்கு வேணாம்னாரு, இன்னைக்கு வான்னாரு, பெரிய எடத்துப் புத்தி அப்படித்தான்னு விட்டுருவேன். மாறலைன்னா, அன்னைக்கும் அவரு எம் புள்ளைய வேணாம்னு சொல்லவே இல்ல. அவரு பேரச் சொல்லி நீங்கதான் வெளிய போட்டீங்க. ரெண்டுல எது?"

உபதேசியார் பாய்ந்து வந்தார். "அருளாயி! சாமிகிட்ட பேசுற பேச்சா இது?"

"நீங்க சும்மா இருங்க உபதேசியாரே. ஆண்டவரு சட்டம்னு சொல்லிச் சொல்லி அவரு தலையில பழியப் போட்டது நீங்கதான். இத்தன வருஷம் நான் அவர வைஞ்சிக்கிட்டே செபமால சொல்லியிருக்கேன். அந்தப் பாவம் யாருக்கு?"

"ரெண்டாவதுதாம்மா," என்றார் சாமி, குரல் அடங்கி. "அவர் வேணாம்னு சொல்லல. ஆனா வேலிய மாத்துறதுன்னா மேற்றிராணியாருக்கு எழுதி உத்தரவு வாங்கணும், தோட்டத்துல கேக்கணும். கொஞ்சம் பொறுங்க."

"நீங்க எழுதுங்க சாமி. நாளைக்கு மம்பட்டி வருது."

லயத்து வீட்டுக்குப் போய், குழி தோண்டும் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு கல்லறைக்கு நடந்தேன். முதல் கட்டையின் அடியில் குத்தினேன், அசையவில்லை. வேலிக்கட்டை எல்லாம் வேர்விட்டு மரமாகியிருந்தது. சந்தியாகு என் கையிலிருந்து அலவாங்கை வாங்கினார். அன்றைக்குப் பிள்ளைக்குக் குழி வெட்டியவரும் அவர்தான். அதற்குப் பிறகு ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

"மரம் நிக்கட்டும்," என்றார். "கெளைய வெட்டி அங்கிட்டு நடுவோம். கம்பிய மட்டும் கழட்டு."

பக்கத்துக் காம்பிரா வீட்டுப் பெரியாயி கத்தியோடு வந்தாள். மாரியம்மனைக் கும்பிடுகிறவள், எனக்குப் பிரசவம் பார்த்தவள். "எங்கையில விழுந்த புள்ளடி. எந்தச் சாமி என்னைக் கேக்கும், பாக்குறேன்" என்று கிளையை வெட்டினாள். வேடிக்கை பார்க்க வந்த பெண்களும் கொஞ்ச நேரத்தில் குழி தோண்ட ஆரம்பித்தார்கள். கம்பி கையைக் கிழித்தது. கிழிக்கட்டும் என்று இழுத்தேன்.

என் பிள்ளையின் மண்மேட்டுக்கு அப்பால் கட்டையெல்லாம் ஊன்றி முடிக்கும்போது சாமி தீர்த்தச் சொம்போடு வந்தார். "இந்த எடத்த மந்திரிச்சு விட்டுர்றேம்மா."

"வேணாம் சாமி. அவரு மாறாதவர்னா இது அன்னைக்கே மந்திரிச்ச மண்ணு. நீங்க வந்து கம்பியப் பிடிங்க."

உபதேசியார் தலையில் கைவைத்துக்கொண்டார். சாமி சொம்பைப் புல்லில் வைத்துவிட்டு, அங்கியின் கையை மடித்துக்கொண்டு கம்பியின் மறுமுனையைப் பிடித்தார். பழக்கமில்லாத கை, அவருக்கும் கிழிந்தது.

திங்கட்கிழமை ரெங்கசாமி ஆட்களோடும் அளவுக்கயிற்றோடும் வந்தபோது நான் வேலியோரம் நின்றேன். பச்சைக் கட்டைகளையும் புதுமண்ணையும் பார்த்தார்.

"என்னா அருளாயி, எல்லைய மாத்திட்டீங்களா?"

"எல்லை எப்பவும் இங்கதாங்க இருந்துச்சு. வேலியத்தான் தப்பான எடத்துல நட்டு வச்சிருந்தோம்."

"தொரைகிட்ட நான் என்னா சொல்றது?"

"வேலிக்கு உள்ள தொடக்கூடாதுன்னு அவரு சொன்னதையே சொல்லுங்க. அவரு பேச்சு மாறுறவரா இல்லையான்னு நானும் பாத்துக்கிறேன்."

ரெங்கசாமி என்னைப் பார்த்தார், உள்ளே இருந்த சின்ன மண்மேட்டைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, கயிற்றைப் புதுவேலிக்குக் கீழே தள்ளிப் பிடிக்கச் சொன்னார்.