மாஸ்டர் தட்டிய வாஷிங் மெஷின்

மானமுள்ள மனிதன் எவனும், வாங்கிய பொருள் கெட்டுப்போனது என்று வாங்கிய கடையில் போய் நிற்க மாட்டான். இது புவியீர்ப்பைப் போன்றதொரு இயற்கை விதி. கண்டுபிடித்தவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பழுதான மிக்சியை மடியில் வைத்துக்கொண்டு கடைகளில் ஸ்டூல் போட்டுக் காத்துக் கிடப்பவர்களுக்கு ‘ஸ்டூல் ஜமீன்தார்’ என்று அவர் பட்டமே சூட்டியிருந்தார்.

இன்னொரு விதியும் அவருடையது. நின்றுபோன எந்த இயந்திரமும் தட்டுகிற இடத்தில் தட்டினால் ஓடும். அவருடைய பயிற்சிக் கார் பல வருடமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவரிடம் பழக வந்தவர்கள், கிளட்சை மிதிப்பதற்கு முன்பே டேஷ்போர்டைத் தட்டக் கற்றுக்கொண்டார்கள்.

ஆகவே, வாங்கிச் சில மாதமே ஆன வாஷிங் மெஷின் வயிறு நிறையத் தண்ணீரோடு சுற்ற மறுத்து நின்றபோது, மாஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அதன் விலாவில் ஒன்று வைத்தார். மெஷின் அசையவில்லை. விலா மட்டும் உள்ளே போனது.

கம்பெனியிலிருந்து வந்த மெக்கானிக் மூடியைக்கூடத் திறக்கவில்லை. பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்து, “அடிபட்டிருக்கு, வாரண்டி செல்லாது” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மாஸ்டரின் அம்மா படுத்த படுக்கை. விரிப்புகளைத் தினமும் துவைத்தாக வேண்டும். ஒருநாள் மாஸ்டர் பிழிந்தார், விரிப்பு இரண்டானது. அதன்பின் மனைவியே பிழிந்தாள். அவள் லேபில் ரத்தம் எடுப்பவள். சில நாட்களிலேயே வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒரு பெரியவரின் கையில் நரம்பு கிடைக்காமல் திரும்பத் திரும்பக் குத்தினாள். ‘இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நீங்க ஊசியைத் தொட வேண்டாம்’ என்று லேப் பொறுப்பாளர் சொல்லிவிட்டார்.

“நாளைக்கு அந்தக் கடைக்குப் போறேன்,” என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

“போய்?”

“மாத்திக் கொடுங்கன்னு கேட்கப் போறேன்.”

“ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைப்பான். ஜமீன்தாரிணி ஆயிடுவ.”

“ஆயிட்டுப் போறேன்.”

உள் அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “டேய், நீ கையை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா அவ ஏன்டா போகணும்?”

“நீ தூங்கும்மா.”

“ஈரத்துல எப்படிடா தூங்குறது?”

மறுநாள் காலை மாஸ்டர் அவளைப் பயிற்சிக் காரில் கொண்டுபோய்க் கடை முன்னால் இறக்கினார். உள்ளே வர மாட்டேன் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார். திறந்திருந்த கதவுக்கு வெளியே, தெருவை ஆராய்பவர் போல நின்றார். காது மட்டும் உள்ளே இருந்தது.

“மேடம், நாங்க விக்கிறவங்க. கம்பெனிக்கு போன் பண்ணுங்க,” என்றார் மேனேஜர், அவளை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு.

“காசை வாங்கினது கம்பெனியா, நீங்களா? பில்லுல இருக்கிறது உங்க கடை பேருதான்.”

“மெஷின் அடிபட்டிருக்குன்னு மெக்கானிக் சொல்லிட்டாரே.”

“அடிபட்டதால நிக்கலைங்க. நின்னதாலதான் அடிபட்டது.”

“அதுக்கு யார் சாட்சி?”

“அடிச்சவரே வாசல்ல நிக்கிறாரு.”

கடை மொத்தமும் திரும்பியது. மாஸ்டர் தெருவைப் பார்த்தார். தெருவில் உதவி எதுவும் வரவில்லை. மனைவி அழைக்கவில்லை, வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்தாள். அவர் செருப்பைத் தரையில் இரண்டு முறை தேய்த்துவிட்டு உள்ளே போனார்.

“நான்தான் அடிச்சேன்,” என்றார். “நின்னதுக்கப்புறம்.”

“அப்படி யார் வேணும்னாலும் சொல்லலாமே சார்.”

பில் போடும் பெண் தலையை நிமிர்த்தினாள். “இல்ல சார், நான் இவர்கிட்டதான் கார் பழகினேன். ஓடுற வண்டியை மாஸ்டர் தொடவே மாட்டார். நின்னாத்தான் சாத்துவார்.”

யாரோ சிரித்தார்கள். மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்கி வந்தார். “சரி, மெக்கானிக் வந்து பிரிச்சுப் பார்க்கட்டும். உள்ள கோளாறுன்னா மாத்தித் தர்றது என் பொறுப்பு. நீங்க வீட்டுக்குப் போங்க, போன் பண்றோம்.”

“எழுந்து போனவங்களுக்கு நீங்க போன் பண்ணி நான் பார்த்ததில்லை,” என்றாள். “மெக்கானிக் இங்க வரட்டும். எங்க வண்டியிலயே கூட்டிட்டுப் போறோம்.”

“அவர் எப்ப வருவாரோ, சாயங்காலமே ஆகலாம்.”

“ஆகட்டும்.”

சொன்னவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். லேபுக்கு நேரமாகிவிட்டது. இன்று தாமதமானால் அந்தப் பொறுப்பாளருக்கு வேறு காரணமே தேவையில்லை. மனமில்லாமல் எழுந்தாள். மேனேஜர் கண்ணைக் காட்ட, ஓர் ஊழியர் ஸ்டூலை எடுத்துவைக்கக் கையை நீட்டினார்.

அதற்குள் மாஸ்டர் அதில் உட்கார்ந்துவிட்டார்.

“நீ லேபுக்குப் போ,” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். “ஆட்டோவுல போ.”

ஜமீன்தார் பேச்சை எடுக்காமலே அவள் ஆட்டோ பிடிக்கப் போனாள். அதுவே பெரிய தயவு.

மதியம்வரை மெக்கானிக் வரவில்லை. ஸ்டூல் சின்னது, மாஸ்டர் பெரியவர். மேனேஜர் ஒருமுறை டீ கொடுத்துப் பார்த்தார், மாஸ்டர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கடைக்கு முன்னால் வண்டி நிறுத்தக் கூடாது என்றார்கள். இவர் சாவியைக் கொடுத்து, நீங்களே தள்ளி நிறுத்துங்கள் என்றார். தட்டத் தெரிந்த பில் போடும் பெண் கணக்கில் தலையைக் குனிந்துகொண்டாள், தெரியாத மற்றவர்களால் அதைக் கிளப்ப முடியவில்லை.

அப்போது ஒருவர் சூடேறாத புத்தம்புது இஸ்திரிப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். கம்பெனிக்கு போன் பண்ணுங்க என்றார் மேனேஜர். வந்தவர் தலையாட்டிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார்.

மாஸ்டர் மூலையில் கிடந்த இன்னொரு ஸ்டூலைக் காலால் இழுத்துப் பக்கத்தில் போட்டார்.

“உட்காருங்க,” என்றார் தணிந்த குரலில். “எழுந்தா போச்சு.”