அந்த வருஷத்துச் சாம்பல்

1

இது கேட்டு வாங்கப்படும் கதை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையில் சின்னதாக ஒரு மாத இதழ் நடத்தும் ஞானவேல், மத நல்லிணக்கச் சிறப்பிதழுக்கு ஒரு கதை வேண்டுமென்று கார்டு போட்டிருந்தார். 'கொடைக்கானலில் எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும் பாடம் சொல்கிறவர் நீங்கள். அனுபவத்திலிருந்து எழுதுங்கள். முடிவு மட்டும் நம்பிக்கை தருவதாக இருக்கட்டும்.' கடைசி வரியின் அடியில் ஒரு கோடு வேறு.

அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு மூன்று வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். 1988 பிப்ரவரி. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, உள்ளே நான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மறுநாள் மணி அடிக்கும்வரை என் குரல் எனக்கே தேவைப்படுவதில்லை. அடுப்படியில் இரண்டு கரி அடுப்புகள் இருக்கின்றன. ஒன்று ஒன்பது வருஷமாக எரியவில்லை.

(அடுப்பை இப்போதே சொல்லியிருக்கக் கூடாது. பின்னால் வரவேண்டியது. வந்துவிட்டது, இருக்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: 'பழனி மலையின் குளிர்ந்த மடியில் அனைத்து மதத்தினரும் அண்ணன் தம்பிகளாய்—'

அடித்துவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.

இரண்டாவது: 'ஜோசப்பின் டீச்சர் மிகவும் நல்லவள். அவள் ஒருநாளும்—'

இதையும் அடித்தேன். காரணம் பிறகு தெரியும்.

மூன்றாவது கொஞ்சம் தாக்குப்பிடித்தது. அதை வைத்துக்கொள்கிறேன்:

'பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு மிஷன் பள்ளியில், வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஏழாம் வகுப்பு இரண்டாகப் பிரியும். கிறிஸ்தவப் பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து ஜோசப்பின் டீச்சரிடம் வேதபாடம் படிப்பார்கள். மற்ற பிள்ளைகள் நோட்டும் பையுமாக வெளியே போய், பேரிக்காய் மரத்தடியில் சுந்தராம்பாள் டீச்சரிடம் நன்னெறி படிப்பார்கள்.'

ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் மணி அடித்ததும் எழுந்து பிரிவதை வருஷக்கணக்கில் யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. கால அட்டவணையில் அப்படிப் போட்டிருந்தது, அவ்வளவுதான்.

1979 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை சாரலும் பனியுமாக மரத்தடியில் நிற்க முடியவில்லை. சுந்தராம்பாள் டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், பின்னாடி பெஞ்சு காலியாத்தான கெடக்கு? செத்த நேரம் ஒக்காந்துக்கிறோம். நீங்க பாட்டுக்கு நடத்துங்க."

அன்று உட்கார்ந்தவர்கள் அடுத்த வாரம் வெயில் அடித்தபோதும் வெளியே போகவில்லை. ஜோசப்பின்தான் போகவிடவில்லை. 'ரெண்டையும் சேத்தே நடத்துவோம் டீச்சர்' என்றது அவள்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

3

சுந்தராம்பாளை வாசகருக்கு அறிமுகப்படுத்த வேண்டும். வத்தலக்குண்டுக்காரர், தமிழ் டீச்சர். தற்காலிக வேலை, ஜூன் மாதம் நிரந்தரமாகும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஜோசப்பினோடு ஒரே வாடகை வீட்டில் இருந்தார். அவர் சைவம், இவள் கருவாடு இல்லாமல் சாப்பிடாதவள், அதனால் இரண்டு அடுப்பு. ஆனால் சாப்பிடுவது ஒன்றாகத்தான், எதிரெதிரே பலகை போட்டு. கருவாட்டு வாசனைக்கு அவர் மூக்கைப் பொத்திக்கொண்டே கதை பேசுவார். பள்ளியிலிருந்து யார் முதலில் வந்தாலும் மற்றவர் வரும்வரை சாப்பிடமாட்டார்கள். வந்ததும் கேட்கும் முதல் கேள்வி "சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்பதுதான். சாப்பிட்டிருக்கமாட்டார் என்று தெரிந்தே கேட்பது.

(ஞானவேல் இந்தப் பத்தியை வெட்டுவார். நல்லிணக்கத்துக்கும் கருவாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்பார்.)

ஜோசப்பினை எழுதத்தான் வரவில்லை. மிஷன் விடுதியில் வளர்ந்தவள், மிஷன் படிக்கவைத்தது, மிஷன் வேலை கொடுத்தது என்று எழுதலாம். அதெல்லாம் உண்மை. ஆனால் எழுதும்போது அவளுக்குப் பரிந்து பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. இந்தப் பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

4

இனி நடந்தது.

எங்களில் தவக்காலம் தொடங்கும் நாளை விபூதிப் புதன் என்போம். அன்று பூசையில் சாமியார் நெற்றியில் சாம்பலால் சிலுவை போடுவார். அந்தச் சாம்பல் எங்கிருந்து வருகிறது? போன வருஷம் குருத்து ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த தென்னங்குருத்தோலையை வீட்டில் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்போம். அதைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தால், கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை எரித்துச் சாம்பலாக்குவார். அந்த வருஷம் அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். ஓலைக்கட்டு ஜோசப்பின் பொறுப்பில் வந்தது.

அதற்கு முந்தின வாரம்தான் பக்கத்துக் கிராமம் பள்ளங்கியிலிருந்து வரும் நாச்சியம்மாள் என்ற பெண் பின்பெஞ்சிலிருந்து கேட்டிருந்தாள்: "டீச்சர், நீங்களும் எங்களாட்டம் நெத்தியில பூசுவீங்களா? அப்ப ஏன் தெனமும் பூசல?"

ஜோசப்பினுக்குப் பதில் சொல்வதைவிடக் காட்டுவது சுலபமாகப் பட்டது. செவ்வாய்க்கிழமை வெள்ளனே பள்ளி முற்றத்தில் இரண்டு தகரம் வைத்தாள். ஒன்றில் குருத்தோலை. இன்னொன்றில் பள்ளங்கிப் பிள்ளைகள் கொண்டுவந்த வரட்டி. சுந்தராம்பாள் முந்தானையைச் செருகிக்கொண்டு, பதர் போட்டு மூடி நெருப்பு வைக்கச் சொல்லிக்கொடுத்தார். ஏழாம் வகுப்பு மொத்தமும் சுற்றி நின்று குளிர் காய்ந்தது. யார் எந்தத் தகரத்தின் பக்கம் நிற்பது என்று ஒருவரும் பார்க்கவில்லை. குளிருக்கு எது கிட்டமோ அது. நான் டீச்சராக இருந்த இத்தனை வருஷத்தில் அதுபோல ஒரு வகுப்பு நடந்ததில்லை.

'நான்' என்று எழுதிவிட்டேன். சரி. ஜோசப்பின் நான்தான். உங்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும்.

5

இந்தப் பகுதியை நான்கு முறை தொடங்கி நிறுத்தியிருக்கிறேன்.

'அன்று சாயங்காலம் சாம்பலைச் சலித்தபோது தவறுதலாக இரண்டும்—'

தவறுதலாக இல்லை.

'பிள்ளைகளில் யாரோ விளையாட்டாக—'

பொய்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நாங்கள் இருவரும் வீட்டில் சாம்பலைச் சலித்தோம். மலை ஈரத்தில் ஓலையெல்லாம் பூஞ்சணம் பிடித்துக் கிடந்ததால் சரியாக எரியவில்லை. கறுப்பாக ஒரு கைப்பிடி தேறியது. காலையில் ஐந்நூறு நெற்றி வந்து நிற்கும். அந்தப் பக்கம் வரட்டிச் சாம்பல், பால்பவுடர் டின் நிறைய, பூப்போல வெளுத்து இருந்தது. நான் கரண்டியை எடுத்து அதிலிருந்து இதில் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"டீச்சர், என்னா சோலி பாக்குறீங்க? ஒங்க சாமியாருக்குத் தெரிஞ்சா?"

"சாம்பல் சாம்பல்தான டீச்சர். பத்தலைன்னா என்ன செய்ய? வெரசா மூடுங்க, காத்துல பறக்குது."

சுந்தராம்பாள் சிரித்தார். நானும் சிரித்தேன். என் நெற்றியில் விரலால் மூன்று கோடு இழுத்து, "இப்ப நல்லாருக்கு" என்றார். நான் அழிக்கவில்லை, அன்று இரவு அப்படியே தூங்கினேன்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இதை யோசித்துச் செய்தேன் என்று பெருமை அடித்துக்கொள்ள ஆசைதான். யோசிக்கவே இல்லை. சாம்பார் போதவில்லை என்றால் தண்ணீர் விடுகிற மாதிரி செய்தேன்.)

புதன்கிழமை காலை சாமியார் வழக்கம்போல் சிலுவை போட்டார். கோயிலை விட்டு வெளியே வந்து வெயிலில் ஒருவரையொருவர் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு வருஷமும் கன்னங்கரேலென்று இருக்கும் சிலுவை அந்த வருஷம் வெள்ளையாக இருந்தது. பிள்ளைகளிடம் கேட்டார்கள். பிள்ளைகள் இரண்டு தகரத்தின் கதையைச் சந்தோஷமாகச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை பள்ளி வாசலில் இரண்டு கூட்டம் நின்றது. "மாட்டுச் சாணியவா எங்க நெத்தியில பூசுனீக?" என்றது ஒன்று. "எங்க திருநீற எடுத்துச் சிலுவை போட ஒங்களுக்கு யாரு உத்தரவு கொடுத்தா?" என்றது இன்னொன்று. ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமலே இரண்டு கூட்டமும் ஒன்றைத்தான் கேட்டது: செய்தவரை வேலையை விட்டு அனுப்ப வேண்டும். என் அனுபவத்தில் இரண்டு மதத்தாரும் முழுதாக ஒத்துப்போனது அன்றுதான். ஞானவேல் விரும்பினால் இதை நல்லிணக்கம் என்று போட்டுக்கொள்ளட்டும்.

6

தலைமையாசிரியர் பரமானந்தத்தின் அறை. அவர் உட்கார்ந்திருந்தார், நாங்கள் இருவரும் நின்றோம்.

"கலந்தது யாரு? ஒரு பேரு சொன்னாப் போதும். வெளியில நிக்கிறவங்களுக்குப் பதில் சொல்லணும்."

நான் மேசைமேல் இருந்த மணியைப் பார்த்தேன். பித்தளை மணி, கைப்பிடியில் நூல் சுற்றியிருந்தது. நூலின் நிறம்கூட இன்று சொல்வேன். விடுதியையும், போக வேறு வீடில்லாததையும் நினைத்தேன். இதெல்லாம் நினைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? சுந்தராம்பாள் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மணியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நான்தான் சார்," என்றார் அவர்.

'அப்போது ஜோசப்பின் பாய்ந்து முன்னே வந்து—'

வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸுக்கு அவர் கிளம்பினார். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கை. அடுப்பை எடுக்கவில்லை. "கீழ வெக்கைக்கு எதுக்கு டீச்சர், நீங்க குளிர் காஞ்சுக்குங்க" என்றார். திட்டியிருக்கலாம். அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் இந்தக் கதையை எழுதும் அவசியமே வந்திருக்காது.

அடுத்த வாரம் பின்பெஞ்சு மறுபடி காலியானது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் மற்ற பிள்ளைகள், யாரும் சொல்லாமலே, எழுந்து மரத்தடிக்குப் போனார்கள். இன்றுவரை போகிறார்கள். ஜன்னல் வழியாக நான் பார்க்கிறேன்.

7

முடிவுகள்.

(அ) ஞானவேலுக்கான முடிவு: இரண்டு கூட்டமும் மனம் மாறி, சுந்தராம்பாள் டீச்சரைத் திரும்ப அழைத்து, பள்ளியில் பொது வகுப்பு தொடங்குகிறது. மாலை, கைதட்டல். எழுதிப் பார்த்தேன், அரைப்பக்கம் வந்தது. அடுப்பு பற்றவைக்க உதவியது.

(ஆ) நடந்த முடிவு: 1984இல் நான் வத்தலக்குண்டு போனேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கத்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சந்தை வாசலில் அவரே எதிரில் வந்தார். தலையில் பாதி நரைத்திருந்தது. ஊரில் டியூஷன் எடுக்கிறாராம். கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, "சாப்பிட்டீங்களா டீச்சர்?" என்றார்.

"சாப்பிட்டேன்" என்றேன். சாப்பிடவில்லை. "காய் வாங்க வந்தேன்" என்றும் சொன்னேன். கொடைக்கானலிலிருந்து காய் வாங்க எவளாவது கீழே இறங்குவாளா? அவருக்கும் தெரியும். அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டேன். வளைவுகளில் வாந்தி வந்தது. வெறும் வயிறு.

(இ) மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை.

8

ஆனால் ஒரு வேலையை முடித்துவிடுகிறேன். ஆறாம் பகுதியில் தலைமையாசிரியர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில்: நான்தான் சார். ஜோசப்பின். மூன்று கரண்டி.

பரமானந்தம் சார் காலமாகி நான்கு வருஷமாகிறது. கேட்டவர் இல்லை. வாசலில் நின்ற இரண்டு கூட்டமும் மறந்துவிட்டது. பதிலை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தெரியாமல்தான் கதையாக எழுதினேன். கதையில் பெயர்களை மாற்றுவது வழக்கம். நான் மாற்றவில்லை.

ஞானவேலின் இதழ் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு கடையிலும் தொங்குகிறது என்று கேள்வி. அவர் அதெல்லாம் வாங்கமாட்டார். ஆனால் இதைப் படிக்கிற நீங்கள் அந்த ஊராக இருக்கலாம். உங்கள் தெருவில், நெற்றியில் மூன்று கோடு இழுத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் ஓர் அம்மா இருக்கலாம். போய் ஐந்தாம் பகுதியையும் ஆறாம் பகுதியையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். அதன்பின் அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் இந்தக் கதையின் முடிவு. அதை எழுதக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

ஒருவேளை அவர் "அவங்க சாப்பிட்டாங்களா?" என்று மட்டும் கேட்கலாம்.

கேட்டால், இன்னும் இல்லை என்று சொல்லுங்கள்.