நான்காம் எண் துணி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு துணியிலிருந்து பிறந்தது. கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய துணி. பழைய போர்வையைக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்தது. ஒரு மூலையில் சிவப்பு நூலால் 4 என்று தையல். நான்கு மாதமாக என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறது, நான் பேனாவை எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறேன். அது என்னிடம் எப்படி வந்தது என்பதை நான்காம் பகுதியில் சொல்கிறேன்.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று பாயக் காத்திருக்கும் சிறுத்தையைப் போல…’ அடித்துவிட்டேன். கார் நீலம். அன்று அது பாயும் நிலையிலும் இல்லை. ஜாக்கி மேல், முன் பம்பர் கழற்றப்பட்டு, பல் பிடுங்கிய வாய் மாதிரி நின்றது. காரின் சொந்தக்காரர் பல் டாக்டர் என்பதால் அந்த உவமையை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது தொடக்கம்: ‘எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சின்னக் காற்றாடி சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு காற்றாடி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும், இழுவையும் கூடும். இதுதான் டர்போ.’ படித்தால் விளம்பரத் துண்டுத்தாள் மாதிரி இருக்கிறது. ஆனாலும் இருக்கட்டும், பின்னால் தேவைப்படும்.

2

பட்டறைக்குள் ஒரு கரும்பலகை இருப்பதால் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாற்பது வயது மெக்கானிக். பள்ளிக்கூடத்தில் கணக்கில் தேறியதில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கூடவே வேலை பார்க்கும் வெல்டர் அவருடைய தம்பி, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், அக்கா கிழித்த கோட்டைத் தாண்டாதவர்.

பல் டாக்டர் ஒரு டர்போவை அட்டைப்பெட்டியோடு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். ஒரு வாரத்தில் பூட்டித் தந்துவிட முடியுமா என்று கேட்டார். டீச்சர் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. காரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, பிரேக்கை மாற்றவேண்டும், கிளட்ச் இந்த இழுவைக்கு வழுக்கும், ரேடியேட்டர் போதாது, பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்டர்கள் பெரிதாக வேண்டும், அமுக்கின காற்று கொதிக்கும் என்பதால் அதை ஆற்ற முன்னால் ஒரு இன்டர்கூலர் வேண்டும், கடைசியில் எஞ்சினின் கம்ப்யூட்டருக்குப் புதிதாகப் பாடம் எடுக்கவேண்டும் என்று கரும்பலகை நிறைய எழுதினார். டர்போ அந்தப் பட்டியலில் ஒன்பதாவதாக வந்தது.

டாக்டர் பட்டியலைப் பார்த்துக் கொஞ்சம் சுருங்கிப்போனார். ஆனால் ஒன்றை மட்டும் விடவில்லை.

“காத்தழுத்தம் ஒரு ‘பார்’ அளவாவது வைங்க டீச்சர். என் ஃபிரெண்டு கார்ல அதான் இருக்கு.”

“அவர் எஞ்சின் டர்போவோடவே பொறந்தது சார். உங்களுது அப்படி இல்ல. அதுக்குள்ள காத்தை ஏற்கெனவே இறுக்கித்தான் வெச்சிருக்காங்க. மேல மேல திணிச்சா, நேரம் வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் பத்திக்கும். பிஸ்டன்ல ஓட்டை விழும். பாதிக்கும் கீழதான் வைப்பேன்.”

டாக்டர் ஒப்புக்கொண்டார். எனக்கு டாக்டர்மேல் மரியாதை வந்த இடம் இது. ஆசையைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிற மனிதர்கள் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை.

டாக்டரும் நண்பர்களுமாக எட்டுப் பேர். எட்டுப் பேரிடமும் இந்த மாதிரிக் கார்கள். டாக்டர் கார் நன்றாக வந்தால் மற்ற ஏழும் டீச்சரிடம் வருவதாகப் பேச்சு. சொந்தப் பட்டறை போட்ட பிறகு டீச்சர் செய்யும் முதல் டர்போ வேலை இது. இதில் பேர் எடுத்தால் பட்டறை நிமிர்ந்துவிடும். சொதப்பினால்… [இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தகுதி இல்லை. ஏன் என்று பிறகு தெரியும்.]

3

துணி விவரம்.

டர்போ பூட்டும்போது பல குழாய்களின் வாய் நாள்கணக்கில் திறந்து கிடக்கும். தூசியோ திருகாணியோ உள்ளே விழாமலிருக்க மெக்கானிக்குகள் அந்த வாய்களில் துணியை அடைத்துவைப்பார்கள். பூட்டும்போது உருவி எடுக்கவேண்டும். ஒன்றை மறந்தால் போதும். நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுச் சுற்றுகிற காற்றாடி அதை இழுத்துக்கொள்ளும். அப்புறம் டர்போவும் இல்லை, சமயத்தில் எஞ்சினும் இல்லை.

முன்பு வேலை பார்த்த பெரிய பட்டறையில் டீச்சர் அப்படி ஒரு துணியை மறந்திருக்கிறார். எஞ்சின் போயிற்று. டர்போ மட்டமான சரக்கு என்று முதலாளி கார்க்காரரை நம்பவைத்துவிட்டார், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மறுநாள் காலை டீச்சர் கார்க்காரர் வீட்டுக்கே போய், “தப்பு என்னோடது சார், துணியை நான்தான் உள்ள விட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்தார். அன்று மத்தியானமே வேலை போயிற்று. இதை அவர் வாயால் கேட்கவில்லை, வெல்டர் தம்பி சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையை எழுத்தில் கொண்டுவர மூன்று தடவை முயன்று தோற்றேன்.

அதன் பிறகுதான் எண் தைத்த துணிகள். ஏழு வாய், ஏழு துணி. அடைத்ததும் கரும்பலகையில் ‘உள்ளே 7’ என்று எழுதுவார். உருவியதும் எண்ணிப் பார்த்து ‘வெளியே 7’. இரண்டும் ஒத்துப்போனால்தான் சாவி.

5

[நான்காம் பகுதி எங்கே என்று கேட்பீர்கள். இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.]

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வேலை முடிந்து முதல்முறை ஸ்டார்ட் செய்யவேண்டிய நேரம். டாக்டர் மனைவியோடு வந்திருந்தார். மத்தியானம் மலைப்பாதையின் அடிவாரத்தில் மற்ற ஏழு கார்களும் காத்திருக்கும். பட்டறை ஓரமாக, பிரேக் பேட் மாற்றக் காரை விட்டிருந்த ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.*

டீச்சர் துணிகளை மேசைமேல் வரிசையாக வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, ஏழு. மறுபடி எண்ணினார். கரும்பலகையில் ‘வெளியே 6’ என்று எழுதிவிட்டு அங்கிருந்த எல்லோரிடமும் கேட்டார். வெல்டர் தம்பி சட்டை, பேன்ட் என்று எல்லாப் பையையும் வெளியே இழுத்துக் காட்டினார். டாக்டர் தம்பதி தேடிப் பார்த்தார்கள். மூக்குக்கண்ணாடிக்காரர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு இல்லையே என்றார்.

“நாலு இன்டர்கூலர் வாய்ல இருந்தது. எடுத்த மாதிரி ஞாபகம் இருக்கு” என்றார் டீச்சர்.

“ஞாபகம் இருக்குன்னா அப்புறம் என்ன? ஸ்டார்ட் பண்ணுங்க. மத்தியானம் அங்க எல்லாரும் காத்திட்டிருப்பாங்க.”

“ஞாபகத்தை நம்பி நான் சாவியப் போட மாட்டேன் சார்.”

பிரிக்கத் தொடங்கினார். பம்பர், இன்டர்கூலர், அதன் இரண்டு பக்கக் குழாய்கள். ஒவ்வொரு வாயிலும் டார்ச் அடித்து, கம்பி விட்டு, விரல் விட்டுப் பார்த்தார். அங்கே இல்லை என்றதும் டர்போவையே இறக்கினார். பதினோரு நாள் வேலையை ஒரே நாளில் பிரித்துப்போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? கோபமே இல்லாமல் ஒருவர் அதைச் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? கழற்றின ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றின வரிசையிலேயே தட்டில் வைத்தார். டாக்டரின் மனைவி நண்பர் ஒருவரின் காரில் ஏறி மலைக்குப் போய்விட்டார். டாக்டர் போனில் யாரிடமோ ‘துணியத் தொலைச்சிட்டாங்களாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரரின் கார் எப்போதோ தயாராகிவிட்டது. ஆனால் அவர் போகவில்லை. அந்தக் கைகளைப் பார்த்தபடி மதியச் சாப்பாட்டையும் மறந்து நின்றார்.

மாலை ஐந்து மணிக்குப் பிரிக்க எதுவும் மிச்சமில்லை. துணியும் இல்லை.

“ஒரு நாள் வீணாப் போச்சேக்கா” என்றார் தம்பி.

“உள்ள இல்லேன்னு தெரிஞ்சுதுல்ல? அதுக்குத்தான பிரிச்சேன்.”

* இந்த ஆள் கதைக்குத் தேவையில்லை. அடுத்த திருத்தத்தில் எடுத்துவிடலாம்.

6

கதைக்கு நல்ல முடிவாக இரண்டு எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: இன்டர்கூலர் குழாயின் வளைவில் டீச்சரின் விரலுக்குத் துணி தட்டுப்படுகிறது. டாக்டர் வாயடைத்துப்போகிறார். பட்டறையே கைதட்டுகிறது. என் வீட்டுக்காரி இதைப் படித்துவிட்டுக் கேட்டாள்: “அப்ப இழுப்பறைல இருக்கறது என்னவாம்?”

முடிவு ஆ: துணி கிடைக்கவில்லை. ஆனால் பிரிக்கும்போது எண்ணெய் திரும்பும் குழாய் மடங்கியிருப்பதை டீச்சர் பார்த்துவிடுகிறார். டர்போவுக்குள் போகும் எண்ணெய் தன் எடையாலேயே கீழே வடியவேண்டும். குழாய் மடங்கினால் தேங்கும், புகை கிளம்பும், ஒரு மாதத்தில் டர்போ படுத்துவிடும். ஆக, தொலைந்த துணிதான் காரைக் காப்பாற்றியது.

இந்த முடிவு எனக்கு மூன்று வாரம் ரொம்பப் பிடித்திருந்தது. இதில் துணியை எடுத்தவன் உபகாரி ஆகிவிடுகிறான் பாருங்கள். ஆனால் அந்தக் குழாய் மடங்கவில்லை. நான் பார்த்தேன், நேராக, சரிவாக, அளவெடுத்த மாதிரி இறங்கியது. என்னைக் காப்பாற்றிக்கொள்ள அவரை வேலை தெரியாதவராக்கப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்தபோது எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

7

உண்மையில் நடந்தது சின்ன விஷயம். டீச்சர் மறுபடி எல்லாவற்றையும் பூட்டி, மூன்று நாள் கழித்துக் காரைக் கொடுத்தார். ஓட்டி முடித்ததும் ஒரு நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, டர்போ ஆறின பிறகு அணைக்கச் சொல்லி அனுப்பினார். கார் இன்றுவரை ஒரு தும்மல் போடவில்லை. ஆனால் மற்ற ஏழு கார்கள் வரவில்லை. துணியைத் தொலைக்கிற கையில் யார் எஞ்சினைக் கொடுப்பார்கள் என்று பேச்சாகிவிட்டது.

போன வாரம் வைப்பர் மாற்றுகிற சாக்கில் பட்டறைக்குப் போனேன். கரும்பலகையின் மூலையில் ‘உள்ளே 7, வெளியே 6’ அழிக்கப்படாமல் இருந்தது. மேசையில் ஏழு துணிகள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. புதுசாக ஒரு நான்கு தைத்திருக்கலாமே என்று கேட்டேன்.

“நாலு எங்கயோ இருக்குல்ல சார். அது இருக்கும்போது இன்னொரு நாலு தைச்சா கணக்கு பொய்யாயிடும்.”

வைப்பரைப் பூட்டிவிட்டு, வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். துணி என் பையில் இருந்தது. இல்லை என்றேன்.

4

அந்த மூக்குக்கண்ணாடிக்காரர் நான்தான். நீங்கள் எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள்.

டீச்சர் அந்தத் துணியை இன்டர்கூலர் வாயிலிருந்து சரியாகத்தான் உருவினார். மேசை ஓரத்தில் வைத்தார். டாக்டர் ஏதோ கேட்க அந்தப் பக்கம் திரும்பினார். வியர்வையில் எனக்குக் கண்ணாடி மங்கியிருந்தது. கைக்கு எட்டினதை எடுத்துத் துடைத்து, என் கைக்குட்டையை வைக்கிற பழக்கத்தில் பேன்ட் பைக்குள் செருகிக்கொண்டேன். அவர் கேட்டபோது சட்டைப் பையை மட்டும் தட்டினேன். இதுவரைக்கும் தெரியாமல் செய்த தப்பு.

அன்று சாயங்காலம் துவைக்கப் போடும்போது வீட்டுக்காரி அதை எடுத்து நீட்டினாள். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். போனைக் கையில் எடுத்தேன். எல்லாம்தான் பிரித்தாகிவிட்டதே, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று வைத்துவிட்டேன். தெரிந்தே செய்த தப்பு அங்கே தொடங்குகிறது. ஒரு எஞ்சினையே தின்ற தப்பை மறுநாள் காலையிலேயே போய்ச் சொன்னவரைப் பற்றி நான் நான்கு மாதமாக வியந்து வியந்து எழுதிக்கொண்டிருந்தேன். வியப்பது சுலபமாக இருந்தது.

கதையின் முடிவை வாசகர் கையில் விட்டுவிடுவது இந்த மாதிரி எழுத்தில் வழக்கம். நானும் விடுகிறேன். ஆனால் அந்த வாசகர் நீங்கள் இல்லை, மன்னியுங்கள். நாளைக் காலை பட்டறை திறந்ததும் இந்தத் தாள்களை டீச்சரிடம் கொடுக்கப்போகிறேன். அவர் படிப்பதற்கு முன் எண்ணிப் பார்ப்பார். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து. புருவத்தைச் சுருக்குவார். கடைசித் தாளுக்குப் பின்னால் துணியை மடித்து வைத்திருக்கிறேன். டாக்டருக்கும் மற்ற ஏழு பேருக்கும் இதே கதை எட்டுப் பிரதி தயாராக இருக்கிறது. பேர் என்னால் கெட்டது, அதை நான்தான் போய்ச் சொல்லவேண்டும்.

என்னை மன்னிப்பாரா, இனி என் காரைத் தொடுவாரா என்று தெரியவில்லை. கரும்பலகையின் மூலையில் இருக்கும் ஆறை அழித்து ஏழு என்று எழுதவேண்டியது அவர் கை. அந்த வரியை நான் எழுதக் கூடாது.