தையல்காரம்மாவின் வீடு உயர்ந்த விதம்

நர்ஸ் வேலைக்குப் போன மகள் வெளிநாட்டிலிருந்து முதல் மாதப் பணம் அனுப்பிய அன்று, தையல்காரம்மாவின் வீடு தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியது. அடுத்த மாதம் இன்னொரு சாண். அந்தத் தெருவுக்கு இது புதிதில்லை. வெளிநாட்டில் ஆள் இருக்கும் பதினோரு வீடுகள் ஏற்கெனவே வீட்டுக்கொரு உயரத்தில் நின்றன. ஏணி செய்யும் தச்சர் மூன்று பேரை வேலைக்கு வைத்தார், கொத்தனார் கூலி இரண்டு மடங்கானது, வங்கி ஒரு கிளை திறந்தது. அனுப்ப ஆளில்லாத வீடுகள் மட்டும் தரையிலேயே, மற்ற வீடுகளின் நிழலில் கிடந்தன. அங்கே பகலிலும் விளக்கு எரிந்தது.

மகள் வாராவாரம் போனில் விசாரிப்பாள். வீடு நல்லா ஒசந்துடுச்சும்மா என்பார் அம்மா. மற்ற வீடுகளின் உயரத்துக்கு வந்திருக்கும் என்று மகள் மனம் குளிர்ந்து, இரட்டை ஷிஃப்ட் பார்த்துக் கூடுதலாக அனுப்பினாள். சாண் முழமானது.

ஆறாம் வருடம் லீவில் வந்தவள், வாசல் இருந்த இடத்தில் வெறும் மண்ணைப் பார்த்தாள். நிமிர்ந்தாள். மின்கம்பிகளுக்கு மேலே தன் வீட்டு அஸ்திவாரக் கற்கள் பல்வரிசையாகத் தெரிந்தன. ஜன்னலில் அம்மாவின் முகம் பொட்டளவு இருந்தது. பெட்டி கையிலிருந்து நழுவியது கூட அவளுக்குத் தெரியவில்லை. எதிர்க்கடைக்காரர், வெயிலில் நிற்காதே, ஏணி பின்பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

நூற்றுப்பத்துப் படி ஏறிப் போனாள். மூட்டுவலியால் அம்மா கீழே இறங்காமல் நாலு வருடமாகியிருந்தது. அரிசியும் மாத்திரையும் கயிறு கட்டிய வாளியில் ஏறி வந்தன. தையல் மெஷின் மேல் துணி போர்த்தியிருந்தது.

"உன் பணத்தால ஒரு குறையும் இல்லடி. ஆனா ஒரு ஆளும் ஏறி வர்றதில்ல."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. வாரா வாரம் சொன்னேன்."

அன்று இரவு மகள் கண்ணை மூடினால் பொட்டளவு முகம்தான் வந்தது. மறுநாள் கொத்தனாரிடம் கப்பியும் கயிறும் வாங்கி, அம்மாவை நாற்காலியோடு கட்டி இறக்கினாள். தரை பட்டதும் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் அசையாமல் நின்றார். சேமிப்பை எடுத்து, நிழலில் பூட்டிக் கிடந்த கடையொன்றைப் பிடித்து மகள் நாலு மெஷின் போட்டாள். தரைவீட்டுப் பெண்கள் மூவர் வேலைக்கு வந்தார்கள். லீவு முடிந்து அவள் திரும்பிப் போன பிறகு பணம் கடைக்கு வந்தது. கடையும் தரையை விட்டுக் கிளம்பிவிடுமோ என்று தெருவே ஒரு மாதம் கண்கொட்டாமல் பார்த்தது. கிளம்பவில்லை. அம்மா கடையின் பின்னறையிலேயே தங்கிவிட்டார்.

வீடு அதற்குமேல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. மழை நாட்களில் தெருக்காரர்கள் அதன் அடியில் கொடி கட்டித் துணி உலர்த்துகிறார்கள்.