மாற்றாமல் போன எண்ணெய்

மாட்டுப்பொங்கல் அன்று காலை உக்கடத்தில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. வண்டி எண்ணெய்க் கடை ஒன்றின் இறக்கிவிட்டிருந்த ஷட்டருக்கு முன்னால் ஆம்புலன்ஸை நிறுத்திவிட்டு, முகமது ரியாஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான்.

வண்டிக்குள் குளிர்பெட்டியில் பங்கஜின் உடல் இருந்தது. அவினாசி சாலைப் பேக்கரி ஒன்றில் வேலை பார்த்தவன். சாலையைக் கடக்கும்போது கார் அடித்துவிட்டது. சொந்த ஊர் உத்தரகாண்டில், பனி விழும் மலைமேல். பண்டிகைக் கூட்டத்தில் விமானத்தில் இடம் கிடைக்கவில்லை என்று ரியாஸின் வண்டியைப் பேசியிருந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் பங்கஜின் அண்ணன் தீபக் உட்கார்ந்திருந்தான். அவனும் அதே பேக்கரிதான்.

ரியாஸ் பீகாருக்கும் ஒடிசாவுக்கும் உடல்களைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான். பனிமலைக்குப் போனதில்லை. ஆப்பிள் ஏற்றக் காஷ்மீர் போய்வரும் லாரிக்காரர்களிடம் விசாரித்து வைத்திருந்தான்.

"குத்தூஸண்ணா, ஃபைவ் டபிள்யூ ஃபார்ட்டி ஆயில் கடையில இருக்குதுங்களா? வண்டியில கெடக்கறது ட்வென்டி டபிள்யூ. நம்மூரு வெயிலுக்குச் சரி. பனியில அது பாகாட்டம் கெட்டியாயிரும்னாங்க. அந்த மொத நம்பரு சின்னதா இருந்தாத்தான் குளிர்ல ஓடுமாம்."

"இருக்குதுடா. மாத்தாமப் போயிராத. நான் போத்தனூருல மக ஊட்டுல இருக்கேன். செத்தப் பொறு, வந்து தொறக்கறேன்" என்றார் அப்துல் குத்தூஸ்.

செத்த நேரம் என்றது நீண்டுகொண்டே போனது. வெயில் ஏறியது. தீபக் இறங்கி வந்தான். பேக்கரியில் கற்ற தமிழ் அவனுடையது.

"அண்ணா, போலாம். அம்மா அங்க சாப்பிடாம உக்காந்திருக்கு. முகம் பாக்கணும் சொல்லுது."

மாற்று டிரைவராக வந்த ஐயாசாமி தாராபுரத்துக்காரர், ரியாஸைவிட மூத்தவர். அவரும் வண்டியைவிட்டு இறங்காமலே சொன்னார். "வழியில எத்தன ஊரு வருதுங்க தம்பி. ஆயிலு எங்கியும் கெடைக்குமுங்க. பொணத்த வெச்சுக்கிட்டு இங்கயே நிக்கறதுங்களா?"

ரியாஸ் குத்தூஸுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொன்னான். வண்டி கிளம்பியது.

இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டினார்கள். ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி என்று ஊர்கள் பின்னால் போயின. எங்கே நிறுத்தினாலும் தீபக்கின் போன் அடிக்கும். அவன் பேசி முடிக்கும்வரை மற்ற இருவரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்ப்பார்கள்.

மலை தொடங்கும் இடத்தில், ஹல்த்வானியில், ரியாஸ் கேட்ட எண்ணெய் கிடைத்தது. கேனை வாங்கிவிட்டான். கடைக்கு அடுத்தே ஒர்க்ஷாப் இருந்தது. பழைய எண்ணெயை வடியவிட்டு, ஃபில்டர் மாற்றி, புதிதை ஊற்ற வேண்டும். முன்னால் இரண்டு வண்டிகள் நின்றன. அப்போது தீபக் ஊரிலிருந்து வந்த செய்தியைச் சொன்னான். நாளை மதியத்துக்குமேல் பெரிய பனி வருகிறது, பாதை மூடிவிடும்.

"இப்பப் போனா, இருட்டுக்குள்ள பாதி மலை ஏறலாம் அண்ணா."

ரியாஸ் கேனை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தான். மேலே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அந்த முடிவை அவன்தான் எடுத்தான்.

பொழுது சாய்ந்ததும் போலீஸ்காரர்கள் தடுத்தார்கள். இருட்டில் மலைப்பாதையில் வண்டி விடமாட்டார்களாம். நாலைந்து கடைகள் இருந்த சின்ன பஜாரில் நின்றார்கள். ரியாஸ் கேனை எடுத்து வெளியே வைத்தான். வண்டிக்கு அடியில் சேறும் பனியும் கலந்து கிடந்தது. விரல்கள் மரத்துப்போய் ஸ்பேனர் நிற்கவில்லை. காலையில் வெளிச்சத்தில் செய்யலாம் என்று கேனைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டுப் படுத்தான்.

காலையில், எண்ணெயைச் சூடாக்கி இளக்கிய பிறகு வடிக்கலாம் என்று சாவியைத் திருப்பியபோது இன்ஜின் ஒருமுறை முனகியது. அப்புறம் அதுவும் இல்லை. இரவெல்லாம் குளிர்பெட்டி பேட்டரியைக் குடித்திருந்தது. மிச்சமிருந்த கரண்டால் அந்தக் கெட்டி எண்ணெய்க்குள் இன்ஜினைச் சுழற்ற முடியவில்லை. டீக்கடைக்காரர் அகலமான தகரத்தட்டில் கரி நெருப்பைக் கொண்டுவந்து வண்டிக்கு அடியில், எண்ணெய் நிற்கும் தொட்டிக்கு நேர்கீழே தள்ளினார். அங்கே அதுதான் வழக்கம். லாரிக்காரர் ஒருவர் தன் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்தார். வெகுநேரம் கழித்து இன்ஜின் உயிர்பெற்றது.

"உடனே மிதிக்காதீங்க தம்பி. ஆயிலு மேல ஏறி அந்தச் செவப்பு லைட்டு அணையட்டுமுங்க" என்றார் ஐயாசாமி.

ரியாஸ் மலையைப் பார்த்தான். முகட்டின்மேல் மேகம் சாம்பல் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. தீபக் போனில் அம்மாவிடம் "வந்துட்டோம்" என்று அவர்கள் மொழியில் சொல்வது கேட்டது. கேன் சீட்டுக்கு அடியிலேயே கிடக்க, ரியாஸ் கியரைப் போட்டான்.

சிவப்பு விளக்கு அணைந்தது, எரிந்தது, மறுபடி அணைந்தது. இன்ஜினின் மேல்பக்கத்திலிருந்து டக்டக்கென்று ஒரு சத்தம். அடுத்த வளைவில் நிறுத்தலாம் என்று நினைத்தான். அங்கே வண்டியை ஓரம் கட்ட இடமில்லை. அதற்கடுத்த வளைவில் இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் வந்து, வண்டி குலுங்கி நின்றுவிட்டது.

ஐயாசாமி பானெட்டைத் திறந்தார். தீய்ந்த நாற்றம் வந்தது.

"இன்ஜின் புடிச்சுப்போட்டுதுங்க தம்பி. இனி இது ஓடாது."

எதிர் மலையில், வீடுகளிலிருந்து எழும் புகையைத் தீபக் கைநீட்டிக் காட்டினான். அதுதான் ஊர். உடலைத் தோளில் தூக்கிப்போக அங்கிருந்து ஆட்கள் புறப்பட்டுவிட்டார்கள் என்றான். அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பனி விழத் தொடங்கியது. முதலில் சாம்பல் பறப்பதைப்போல. பிறகு எதிர் மலையே தெரியவில்லை. ஊரிலிருந்து வந்தவர்கள் பாதியில் பாதை சரிந்துவிட்டதைப் பார்த்துத் திரும்பிவிட்டார்கள்.

பாதை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. இறந்து இத்தனை நாளாகிவிட்டது, இனியும் காக்கவைக்க வேண்டாம் என்று தீபக்கின் பெரியப்பா போனில் சொல்லிவிட்டார். பஜாரிலிருந்து லாரியை வரவழைத்து உடலை அங்கேயே இறக்கினார்கள். மறுநாள் காலை ஆற்றங்கரையில், கடைக்காரர்கள் கொடுத்த விறகை அடுக்கினார்கள். அம்மா பார்ப்பதற்காகப் போனில் வீடியோ போட்டு, ரியாஸ் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். திரையில் ஒரு பெண் முகத்தைக் கிட்டே கிட்டே கொண்டுவந்தாள். தீபக் தம்பியின் முகத்துணியை விலக்கும்போது சிக்னல் போய்விட்டது. ரியாஸ் போனைத் தூக்கிப் பிடித்தான், மேட்டில் ஏறினான், கெட்டவார்த்தை சொன்னான். அது வரவேயில்லை. தீபக் கொள்ளி வைத்தான்.

பாதையைத் திறந்த அன்று தீபக் ஊருக்கு நடந்தான். ரியாஸும் கூடவே கிளம்பினான்.

"நாம எதுக்குங்க தம்பி அங்க?" என்றார் ஐயாசாமி.

"போகோணுங்கண்ணா" என்று மட்டும் சொன்னான்.

அம்மா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். ரியாஸையும் நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். ரியாஸ் அவள் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னான்.

"அம்மா, குளிருக்கான ஆயில மாத்தியிருக்கோணும். எனக்குத் தெரியும். கேனக் கையில வெச்சுக்கிட்டே மாத்தாம வந்துபோட்டேன். அதனாலதான் வண்டி நின்னுபோச்சு. உங்க பையன் மொகத்த நீங்க பாக்காமப் போனதுக்கு நாந்தான் காரணம்."

தீபக் அவள் பக்கம் திரும்பி ஏதோ சொன்னான். ரியாஸ் சொன்னதைவிட அது மிகவும் சுருக்கமாக இருந்தது. அவள் ரியாஸின் இரண்டு கைகளையும் பிடித்து நெருப்புக்கு நேராக வைத்தாள்.

"என்னடா சொன்ன?"

"நீங்க தூங்காம வண்டி ஓட்டினது சொன்னேன்."

"நான் சொன்னத அப்படியே சொல்லுடா."

தீபக் தலையைத் தூக்கவில்லை. "சொன்னா அம்மா கேக்கும் அண்ணா, ஏன் மாத்தலைன்னு. சீக்கிரம் போலாம், சீக்கிரம் போலாம்னு சொன்னது யாரு?"

அந்தப் பெண்ணின் மொழியில் ரியாஸுக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. அவள் அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்துத் தட்டில் போட்டு, அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அவன் சாப்பிடுவதற்காகக் காத்திருந்தாள். அவன் ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தான்.